மணல் பூமியில் வெட்டிய புதுக்குட்டை: கரை ஏன் விழுகிறது, மழைக்கு முன் என்ன செய்யலாம்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே 3 ஏக்கர் நிலம், மேற்கிலிருந்து கிழக்கே வாட்டம். வைகாசியில் ஹிட்டாச்சி வைத்து 80 அடிக்கு 60 அடியில், 10 அடி ஆழத்துக்குக் குட்டை வெட்டியிருக்கிறீர்கள். மேலே 4 அடி உதிரி மணல், அதற்குக் கீழே சரளை கலந்த கெட்டிச் செம்மண். அதற்கப்புறம் பெய்த இரண்டு இடிமழைக்கே கரை துண்டு துண்டாக உள்ளே விழுந்து, அடியில் ஒன்றரை அடிக்கு மணல் மூடிவிட்டது. சுற்றிலும் கல் கட்டடம் கட்டச் சொல்கிறார் ஒருவர், வெட்டிவேர் வைத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். ஐப்பசி மழைக்கு முன் எதைச் செய்வது, இந்த வருடமே மீன் விடலாமா என்பது உங்கள் கேள்வி. எதை வைத்துக் கரையைப் பிடித்து நிறுத்துவது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் குட்டை இப்போது இருக்கிற வடிவத்தில் எதை வைத்தாலும் நிற்காது. முதலில் அதைப் பேசிவிட்டுக் கல்லுக்கும் வேருக்கும் வருகிறேன்.

நான் மண் வேலை படித்தவன். கண்மாய்க் கரை, ஊருணி, பண்ணைக்குட்டை என்று இந்தச் சீமையிலேயே வெகுகாலம் வேலை பார்த்தவன். உங்கள் இடத்தை நேரில் பார்க்கவில்லை, நீங்கள் போட்ட இரண்டு படங்களை மட்டும்தான் பார்த்தேன். சரிவு, தண்ணீர் வரும் வழி, குவித்த மண் இவற்றைப் பற்றிச் சொல்வதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அளவுகளை மட்டும் உங்கள் மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம்.

காய்ந்த மணலை ஒரு இடத்தில் கொட்டிக்கொண்டே இருந்தால் அது தானாக ஒரு சரிவில் போய் நிற்கும். ஓரடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை அடி ஓட்டம், அதாவது பக்கவாட்டு நீளம். அதைவிடச் செங்குத்தாக நிறுத்த நினைத்தால் சரிந்து பழைய சரிவுக்கே வந்துவிடும். அதே மணலுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து வெளியே வந்தால் நிற்கும் சரிவு பாதியாகக் குறையும், அதாவது ஓரடிக்கு மூன்றடி ஓட்டம் வேண்டும். உங்கள் குட்டையில் ஓரடி ஆழத்துக்கு அரை அடிதான் ஓட்டம் இருக்கிறது. 'வெட்டும்போது நன்றாகத்தானே நின்றது' என்று எழுதியிருந்தீர்கள். நிற்கத்தான் செய்யும். லேசான ஈரம் இருக்கும் மணல் செங்குத்தாகக்கூட நிற்கும், அந்த ஈரம் மணலைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அது முழுக்கக் காய்ந்தாலும் பிடி விடும், முழுக்க நனைந்தாலும் பிடி விடும். வெட்டி முடித்த அன்று ஓட்டுநர் கரையைக் காட்டி 'பாருங்க, சுவர் மாதிரி நிக்குது' என்று சொல்வதை எல்லா வேலையிலும் கேட்கலாம். அவர் வண்டியை ஏற்றிக்கொண்டு போன இரண்டாவது வாரத்தில்தான் கரை பேச ஆரம்பிக்கும்.

கரையை எந்தத் தண்ணீர் தின்கிறது என்று பார்ப்பது அடுத்த வேலை. இதற்குப் படிப்பு தேவையில்லை, அடுத்த மழை விட்ட ஒரு மணி நேரத்தில் போய் நின்று பார்த்தால் போதும். மேல் விளிம்பிலிருந்து கீழே விரல் அகலத்தில் கோடு கோடாக அரித்திருந்தால் அது மேலேயிருந்து ஓடிவந்த மழைத்தண்ணீர். தண்ணீர் மட்டத்தில் மட்டும் உள்வாங்கிக் குடைந்திருந்தால் அலை. இந்த அளவுக் குட்டையில் அலை பெரிதாக எழும்பாது. வாடைக்காற்று அடிக்கும்போது தென்மேற்கு மூலையில் கொஞ்சம் அடிக்கும், அவ்வளவுதான். மூன்றாவது வகைதான் மணல் பூமியில் ஆளைக் கவிழ்ப்பது. உங்கள் இரண்டாவது படத்தில் மேற்குக் கரையில், மேலிருந்து நாலடி கீழே, ஈரக்கோடு ஒன்று பட்டை பட்டையாகத் தெரிகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே மணல் கூரைபோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கீழே ஒவ்வொரு கசிவுக்கும் முன்னால் விசிறிபோல் கொஞ்சம் மணல் கொட்டிக் கிடக்கிறது. மழைத்தண்ணீர் மேல் மணலுக்குள் சுலபமாக இறங்கி, கீழே கெட்டிச் சரளை தடுத்ததும் அதன் முதுகின் மேலேயே பக்கவாட்டில் நடந்து, உங்கள் குட்டை வெட்டிய முகத்தில் வெளியே வருகிறது. வரும்போது மணலையும் ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகையாக எடுத்து வருகிறது. அடியில் குடைந்ததும் மேலே இருக்கும் மணல் பாளமாக விழுகிறது. மேலே எவ்வளவு புல் வளர்த்தாலும் இந்தக் கசிவு நிற்காது. இந்தப் பக்கம் முழுக்கவே மேலே மணலும் கீழே செம்புறை என்னும் கெட்டிச் செம்மண் பாறையும் இருக்கும் இடங்கள் நிறைய, அதனால் இந்தக் கோடு உங்கள் குட்டைக்கு மட்டும் வந்த நோய் இல்லை.

இதோடு வெட்டிய மண்ணைக் கரை விளிம்பிலேயே குவித்து வைத்திருக்கிறீர்கள். கரை உயர்ந்தால் தண்ணீர் அதிகம் நிற்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். உங்களுடையது பள்ளத்தில் வெட்டிய குட்டை, கண்மாய் இல்லை. இதில் விளிம்பு மேட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீரும் அதிகமாக நிற்காது. ஏறக்குறைய 41,000 கன அடி மண் வெளியே வந்திருக்கும். அவ்வளவு பாரமும் நிற்க மாட்டாமல் நிற்கும் ஒரு முகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. ஆடிக்காற்று வேறு மேற்கிலிருந்து அடித்து மேற்கு மேட்டு மணலைத் திரும்பக் குட்டைக்குள்ளேயே கொட்டுகிறது. அடியில் மூடிய ஒன்றரை அடியில் ஒரு பங்கு இந்தக் காற்று மணலாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். ஆக, இந்த வாரமே செய்ய வேண்டியது இதுதான்: புது விளிம்பு எங்கே வரப்போகிறதோ அதிலிருந்து குட்டையின் ஆழத்துக்காவது, அதாவது 10 அடி, மண்ணைத் தள்ளுங்கள். கிழக்குப் பக்கம் தாழ்வாக இருக்கும் வயலை மேடாக்கலாம், பாதை போடலாம். கொஞ்சத்தை மேற்கே தள்ளி வைத்து, இடுப்பளவு வரப்பாக அடித்தால் மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்பிவிடவும் உதவும்.

இனி வடிவம். கீழே இருக்கும் 6 அடி கெட்டி மண்ணுக்கு ஒன்றுக்கு ஒன்றரை சரிவு போதும். மேலே இருக்கும் 4 அடி மணலுக்கு ஒன்றுக்கு மூன்று வேண்டும், அதில் பேரம் பேசாதீர்கள். இரண்டும் சேரும் இடத்தில், அதாவது அந்த ஈரக்கோடு இருக்கும் மட்டத்தில், 3 அடி அகலத்துக்குச் சுற்றிலும் ஒரு படி விட வேண்டும். இப்போது அடியில் 70-க்கு 50 இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் மேல் அளவு 118-க்கு 98 அடி வரும். 11 சென்ட் பிடித்துக்கொண்டிருந்த குட்டை 26 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். 3 ஏக்கரில் 15 சென்ட் போகிறதே என்று வயிறு எரியும், தெரியும். ஆனால் கொள்ளளவைப் பாருங்கள். இப்போதைய வடிவத்தில் விளிம்பு வரை 41,000 கன அடி, புது வடிவத்தில் ஏறக்குறைய 65,000 கன அடி. இழந்த நிலத்துக்குத் தண்ணீராகக் கிடைத்துவிடுகிறது. பரப்பு கூடுவதால் வெயிலில் ஆவியாகிப் போவதும் கூடும், அது நிஜமான நஷ்டம்தான். இருந்தாலும் வருடா வருடம் மணலை அள்ளிக்கொண்டிருக்கும் செலவோடு ஒப்பிட்டால் இதையே எடுத்துக்கொள்வேன்.

அவ்வளவு இடம் விட முடியாது என்றால் ஆழத்தைக் குறையுங்கள். மேல் அளவை இப்போது இருப்பதுபோல் 80-க்கு 60 என்றே வைத்துக்கொண்டு, 10 அடி ஆழத்துக்கு ஒன்றுக்கு மூன்று சரிவு கொடுத்தால் 60 அடி அகலம் முழுக்கச் சரிவுக்கே போய்விடும், அடித்தரை என்று எதுவும் மிஞ்சாது. காகிதத்தில் ஒரு முறை வரைந்து பார்த்தால் இது புரியும். குட்டை வெட்டுவதற்கு முன் யாரும் வரைந்து பார்ப்பதில்லை என்பதுதான் கஷ்டம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மேலே வெட்ட மனமில்லாமல், விழுந்த மணலையே அள்ளிச் சுவரில் அப்பி, பக்கெட்டால் தட்டிச் சரிவு காட்டுவது. தட்டின மணல் வெட்டின மணல் ஆகாது. முதல் மழையில் மொத்தமாக வழுக்கி வரும். சரிவை எப்போதும் இருக்கும் மண்ணை வெட்டித்தான் கொண்டுவர வேண்டும்.

சரிவில் இன்னொரு நன்மை இருக்கிறது. தவறி விழுந்த குழந்தையோ ஆடோ ஒன்றுக்கு மூன்று சரிவில் கையூன்றி ஏறி வந்துவிடும். செங்குத்துக் கரையில், அதிலும் பிளாஸ்டிக் தாள் போட்ட கரையில், நீச்சல் தெரிந்தவரே ஏற முடியாது. படி விடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல் கட்டடத்துக்கு வருவோம். 'நம் ஊர் ஊருணிகள் எல்லாம் செங்குத்துக் கல் கரையோடு இத்தனை காலம் நிற்கவில்லையா' என்று உங்களுக்குச் சொன்னவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. செட்டிநாட்டு ஊருணிகளில் செம்புறாங்கல்லை வெட்டிப் படிப்படியாகக் கட்டியிருப்பார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள்: ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கும், மொத்தமாகப் பார்த்தால் அதுவும் ஒரு சரிவுதான். கட்டடத்தின் சொந்த எடையே மண்ணைத் தாங்குகிறது, கல் இடுக்கு வழியாகப் பின்னால் ஊறும் தண்ணீர் வெளியே வந்துவிடுகிறது. இன்று கட்டித் தருகிறேன் என்பவர் பெரும்பாலும் ஹாலோ பிளாக்கில் ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பி இரண்டு பக்கமும் சிமென்ட் பூசிவிடுவார். பின்னால் மணலில் தண்ணீர் தேங்கும், முன்னால் குட்டை காலியாக இருக்கும், சுவர் உள்பக்கமாகக் குப்புற விழும். இது பங்குனி சித்திரையில் நடக்காது, குட்டை நிரம்பாத சமயத்தில் பெய்யும் முதல் பெருமழையில் நடக்கும். சரியான அஸ்திவாரம், அடி அகலம், கசிவுத் துளை, பின்னால் சல்லி என்று முறையாகக் கட்டினால் நிற்கும், ஆனால் அதன் செலவில் இதுபோல் இன்னொரு குட்டையே வெட்டலாம். ஒரு விவசாயக் குட்டைக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

கல் தேவைப்படும் இடங்கள் இரண்டே இரண்டு. முதலாவது, அந்தப் படி. படியின் உள் மூலையில், மணல் சரிவு வந்து உட்காரும் இடத்தில், கசிவைத் தடுக்காமல் மணலை மட்டும் தடுக்க வேண்டும். நேராக மணல் மேல் கருங்கல்லைப் போட்டால் கல் இடுக்கில் மணல் வெளியேறிக் கல் கீழே புதைந்துகொண்டே போகும். போன வருடம் பாவிய கல் இந்த வருடம் காணோம் என்று பலர் சொல்வது இதனால்தான். ஆகவே முதலில் சல்லடைபோல் ஒரு அடுக்கு: பெருமணலும் சிறு சரளையும் கலந்து நாலு முதல் ஆறு அங்குலம், அதன் மேல் முக்கால் அங்குலச் சல்லி கொஞ்சம், அதற்கும் மேல் தலையளவு கல் அல்லது உடைந்த செம்புறாங்கல் ஓரடி உயரத்துக்கு. உங்களிடம் தோண்டியெடுத்த சரளையே நிறைய இருக்குமே, அதைச் சலித்துப் பயன்படுத்தலாம். தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி கிடைத்தால் மணலுக்கும் கல்லுக்கும் நடுவே விரித்துவிட்டால் பாதி வேலை மிச்சம். சுற்றிலும் செய்யப் பணம் இல்லையென்றால் மேற்குப் பக்கம் மட்டும் இந்த வருடம் செய்யுங்கள். ஈரக்கோடு அங்கேதான் தெரிகிறது.

இரண்டாவது இடம், தண்ணீர் உள்ளே வரும் வாய். 10 சென்டிமீட்டர் மழை ஒரே நாளில் பெய்தால் 3 ஏக்கரில் விழும் தண்ணீர் 12 லட்சம் லிட்டர். மணல் பூமி அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். மீதி ஓடி வருவதை நாலு பக்கத்திலிருந்தும் கரையேறிக் குதிக்க விட்டீர்கள் என்றால் எந்தப் புல்லும் தாங்காது. கண்மாய்க்கு வரத்துக்கால் என்று ஒன்று வைத்தார்களே, அதே கணக்குதான் குட்டைக்கும். மேல் விளிம்பைச் சுற்றி 4 அடிக்கு நடைபாதை விட்டு, அதைக் குட்டைப் பக்கம் சாய்க்காமல் வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்துவிடுங்கள். மேற்கே இரண்டடி அகலத்தில் ஒரு வாய்க்கால் எடுத்து எல்லாத் தண்ணீரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே 6-க்கு 6 அடியில், 3 அடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி, அதில் மணல் தங்கட்டும். அதிலிருந்து குட்டைக்குள் இறங்கும் வழி முழுக்க, மேலிருந்து அடிவரை, 6 அடி அகலத்துக்குக் கல் பாவிவிடுங்கள், அடியில் நான் சொன்ன சரளை அடுக்கோடு. பிவிசி குழாய் போட்டு இறக்குகிறவர்களும் உண்டு. குழாயின் முனை கரைக்கு நடுவில் அந்தரத்தில் நின்றால் அது விழும் இடத்தில் ஒரு கிணறே தோண்டிவிடும், குழாயை அடித்தரை வரை கொண்டுபோய்க் கல்லின் மேல் விடவேண்டும்.

வரும் வழிக்கு எவ்வளவு கவனமோ, போகும் வழிக்கும் அவ்வளவு வேண்டும். கிழக்கே தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடி தாழ்வாக, குறைந்தது 6 அடி அகலத்துக்குச் சமமட்டமாக ஒரு கலிங்கு விடுங்கள், அதிலிருந்து புல் படர்ந்த ஆழமில்லாத ஓடையாகத் தண்ணீர் போகட்டும். கலிங்கு இல்லாத குட்டை நிரம்பினால் தனக்கு எங்கே இஷ்டமோ அங்கே உடைத்துக்கொண்டு போகும், அந்த உடைப்பு ஒரே ராத்திரியில் உங்கள் விளிம்பைக் குட்டையின் பாதி ஆழத்துக்கு வெட்டிவிடும்.

வெட்டிவேர் நல்ல செடி, ஆனால் அதைப் பற்றி இப்போது கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார்கள். அதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் ஒரு வருடத்தில் ஆறேழு அடிக்கும் மேலே போவதைப் பார்த்திருக்கிறேன். தெற்கில் நட்டு வளர்க்கும் ரகம் விதை விழுந்து வயலில் பரவாது, தூர் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். 1980-களில் உலக வங்கி இந்தியாவில் மண்ணரிப்புத் தடுப்பு வேலைகளில் இதை முன்வைத்த பிறகுதான் உலகமெங்கும் போனது. இதெல்லாம் உறுதி. ஆனால் நட்ட முதல் மூன்று மாதம் தண்ணீர் வேண்டும், நிழல் ஆகாது, இளம் நாற்று வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். உங்கள் சரளைக்குள் வேர் எவ்வளவு இறங்கும் என்பதில் எனக்கு நிச்சயமில்லை. மேல் மணலைப் பிடித்துக்கொள்ளும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் இந்த வருடம் இரண்டு வரிசை போதும். ஒன்று மேல் விளிம்பில், இன்னொன்று கலிங்கு மட்டத்துக்குச் சற்று மேலே. படிக்கு மேலே மூன்றாவது வரிசையை இப்போது வைத்தால் குட்டை நிரம்பும்போது இரண்டரை அடித் தண்ணீருக்கு அடியில் போய்விடும். அடுத்த கோடையில் தண்ணீர் இறங்கினதும் அங்கே கோரை வைத்துக்கொள்ளலாம். நாற்றுக்கு நாற்று நாலு அங்குலம், அதற்கு மேல் இடைவெளி விட்டால் இடுக்கில் தண்ணீர் புகுந்து அங்கேயே அரிக்கும். இரண்டு வரிசைக்கும் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு நாற்று வேண்டும். மூன்று சிம்பு சேர்ந்த தூராக, இலையை எட்டு அங்குலத்துக்கு வெட்டி, வேரைச் சாணிக் கரைசலில் முக்கி நடுங்கள். வரிசை மட்டமாக இருக்க வேண்டும், ஏறி இறங்கினால் தாழ்ந்த இடத்தில் எல்லாத் தண்ணீரும் கூடிவிடும். மட்டம் பார்க்கக் கொத்தனார் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் டியூப் போதும். அப்புறம், இரண்டு வருடம் கழித்து வேருக்கு நல்ல விலை என்று யாராவது வந்து கேட்பார்கள். கரையில் இருப்பதைத் தோண்டிக் கொடுத்துவிடாதீர்கள். விற்க வேண்டுமென்றால் வேறு வயலில் தனியாக வையுங்கள்.

வெட்டிவேர் பிடிக்கும் வரை வெறும் மணல் மழையில் நனையக் கூடாது. அதற்குத்தான் தென்னை நார் வலை. கயிறு வாரியக்காரர்கள் பூவஸ்திரா என்பார்கள். சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என்று எடைக் கணக்கில் வரும், உங்களுக்கு 700 சரியாக இருக்கும். மேல் சரிவு முழுக்கப் போட ஏறக்குறைய 450 சதுர மீட்டர் வேண்டும். மேல் விளிம்பில் ஓரடி ஆழக் காடி எடுத்து வலையின் தலையை அதில் புதைத்து மண் போட்டு இறுக்கிவிட்டு, அங்கிருந்து கீழ்நோக்கி உருட்டி விரியுங்கள். வலை மண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும், தொங்கினால் அதன் அடியிலேயே தண்ணீர் ஓடும். மூங்கில் முளை அல்லது வளைத்த கம்பி அடித்து இறுக்கலாம். எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டால் விற்பவர் ஒன்று சொல்வார், வெயில் ஒன்று சொல்லும். நனைந்து காய்ந்து கிடக்கும் கரையில் இரண்டு வருடம் என்று கணக்கு வையுங்கள். அதற்குள் வேர் பிடித்துவிட்டால் வலை மக்கிப் போவதே நல்லது.

வலைக்குப் பணம் இல்லையென்றாலும் சும்மா விடாதீர்கள். வரப்பிலிருந்து அருகம்புல் கரணைகளைப் பெயர்த்து ஓரடிக்கு ஒன்றாகப் பதித்துவிட்டு, நடுவில் கொள்ளு விதைத்து, மேலே வைக்கோல் பரப்பிவிடுங்கள். கொள்ளு சீக்கிரம் தரையை மூடும், பனியிலும் நிற்கும், அருகு அதற்குக் கீழே மெதுவாகப் பரவிக்கொள்ளும். ஆடு வராமல் ஒரு முள்வேலி அவசியம், ஏனென்றால் ஆடு கொள்ளைத் தின்பதைவிடச் சரிவில் ஏறி இறங்குவதுதான் நாசம். மணல் சாக்கு அடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உடைப்பு அடைக்க அவசரத்துக்கு ஆகும். வெயிலில் கிடந்தால் ஒரு வருடத்துக்குள் சாக்கு நூல் நூலாகப் போய்விடும், உள்ளே இருந்த மணலும் குட்டைக்குள்ளேதான் போகும்.

கரையில் மரம் வைப்பதைப் பற்றி மண் வேலைக்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. மண் கொட்டிக் கட்டிய கரையில் மரமே கூடாது, வேர் செத்துப் போனால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து உடைக்கும் என்பது புத்தகக் கட்சி. கண்மாய்க் கரையெல்லாம் பனை நட்டு வைத்தது நம் ஆட்களின் கட்சி. பனைக்கு ஆணிவேர் பருத்துப் பிளப்பது கிடையாது, சல்லிவேர்தான், அதனால் பனை விஷயத்தில் நம் ஆட்கள் பக்கம்தான் நான். உங்களுடையது வெட்டிய குட்டை என்பதால் உடைப்புப் பயமும் குறைவு. நடைபாதைக்கு வெளியே பனங்கொட்டை போட்டு வையுங்கள், பலன் உங்கள் பிள்ளைகளுக்கு. சரிவில் புங்கன், வேம்பு எதுவும் வேண்டாம். சீமைக்கருவேலம் தானாக முளைத்தால் சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள், பெரிதான பிறகு வேரோடு தோண்டினால் கரையும் சேர்ந்து வரும்.

நிறையப் பேர் கவனிக்காத ஒன்று, தண்ணீர் இறைக்கும் வேகம். நிரம்பிய குட்டையில் கரைக்குள்ளும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் ஊறியிருக்கும். மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் அஞ்சடி இறக்கினால் முன்னால் தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் போய்விடும், கரைக்குள் இருக்கும் தண்ணீர் போக வழியில்லாமல் தள்ளும், கரை பாளமாக வழுக்கி உட்காரும். மழையே இல்லாத தை மாதத்தில் கரை விழுந்தது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் இறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மணல் சீக்கிரம் வடியும், கீழே இருக்கும் கெட்டி மண் அவ்வளவு சீக்கிரம் விடாது.

தண்ணீர் தங்குமா என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மணல் பூமி என்பதால் சொல்லிவைக்கிறேன். அடியில் இருக்கும் மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும், களி மறுநாள் வரை கலங்கலாக நிற்கும். அடியில் உட்கார்ந்தது பெரும்பாலும் மணல் என்றால் கண்மாய்க் கரம்பை, அதாவது கண்மாய் அடியில் படிந்த களிமண், கொண்டுவந்து போட்டு அடித்தரையையும் கீழ்ச்சரிவையும் ஓரடிக்கு இறுக்க வேண்டியிருக்கும். கரம்பை எடுக்க வட்டாட்சியர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பார்க்காமல் ஏதோ ஒரு கண்மாய்க் கரம்பையை எடுத்துவிடக் கூடாது. ஒரு சிறு கட்டியைத் தெளிந்த மழைத்தண்ணீரில் மெதுவாகப் போட்டுப் பாருங்கள், கலக்காமலேயே கட்டியைச் சுற்றிப் பால் போலப் புகைந்தால் அது களர் களி. ஈரத்தில் தானே கரைந்து ஓடும், ஜிப்சம் கலக்காமல் கரைக்குப் போடக் கூடாது. பிளாஸ்டிக் தாள் கடைசி வழி. உங்கள் மேற்குக் கசிவை வைத்துப் பார்த்தால் தாளுக்கு அடியில் தண்ணீர் சேர்ந்து அதைத் தூக்கிவிடும் என்று பயப்படுகிறேன்.

இப்போது ஆடி பாதி. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் முன் இரண்டரை மாதம் இருக்கிறது, தாராளமாகப் போதும். ஆடிக்குள் மண்மேட்டைத் தள்ளிச் சரிவு வெட்டுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் மண் வேலை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறார்கள், வெளி வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆவணியில் வாய்க்கால், கலிங்கு, மேற்குப் படியின் கல். நாற்றை ஆவணி முதலிலேயே நட்டுவிட்டால் மழைக்கு முன் வேர் பிடிக்கும். கொள்ளு புரட்டாசியில். பணம் ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்றால் சரிவு வெட்டுவதற்கே செலவழியுங்கள். ஓட்டுநரிடம் 'நல்லா சரிச்சு விடுங்க' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். மேலே ஒரு முளை, படியில் ஒரு முளை, அடியில் ஒரு முளை அடித்து, நடுவே கயிறு கட்டி, கயிற்றைப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள்.

மீன் இந்த வருடம் வேண்டாம். மணல் கலங்கல் அடங்கிக் கரையில் புல் பிடிக்க ஒரு மழைக்காலம் ஆகட்டும். அடுத்த வருடம் விடும்போதும் கட்லா, ரோகு பரவாயில்லை. சாதா கெண்டை விடாதீர்கள், அது சேற்றையும் கரையோரத்தையும் முகத்தால் கிளறிக்கொண்டே இருக்கும். எருமை இருந்தால் கல் பாவிய வரத்து வாய்ப் பக்கமாக மட்டும் இறங்கப் பழக்குங்கள். சரிவு வெட்டி முடித்ததும் மேற்குப் பக்கத்தைக் கிட்ட நின்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள், அந்த ஈரக்கோடு படிக்கு மேலே வருகிறதா, கீழே வருகிறதா என்று பார்த்துக் கல் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்கிறேன்.